எட்டு போல்ட் சக்கரம்

அத்தியாயம் 19

பெற்ற மகளின் ஹெல்மெட்டுக்குள் ஒரு தாய் திருட்டுத்தனமாக வேர்க்கடலையைப் போடுவாளா? மார்லிஸ் ஸ்டக்கி போட்டாள். சனிக்கிழமை காலை, கோரா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கொட்டகைக்குள் நுழைந்து, ஹெல்மெட் பையின் ஜிப்பை இழுத்து, இரண்டு கை அள்ளிப் போட்டாள். தோலோடு வறுத்த கடலை. முந்தின நாளே பெட்ரோல் பங்கில் வாங்கிக் கைப்பையில் பதுக்கி வைத்திருந்தாள்.

கார்ப் பந்தயக்காரர்களுக்கு வேர்க்கடலை ஆகாது, அபசகுனம். ஏன் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் கட்டர் க்ரீக் பந்தயத் தடத்தில் ஒரே ஒரு தோல் கண்ணில் பட்டால் போதும், பல்லுப் போன கிழவர்கூட வண்டியை ஓரம் கட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். மார்லிஸின் கணவன் வெண்டல் ஒரு தடவை இறுதிச் சுற்றையே விட்டுவிட்டு வந்தவன். பக்கத்து வண்டிக்காரன் கடலை கொறித்தானாம். அதுதான் காரணம்.

கோராவும் அப்பனை உரித்துவைத்த பெண். ஹெல்மெட்டைக் கையில் எடுப்பாள், கடலையைப் பார்ப்பாள், முகம் சுண்டிப்போகும், இன்றைக்கு வேண்டாம் என்று வண்டியைத் திருப்பிவிடுவாள். மார்லிஸின் கணக்கு அது. தெய்வத்தின் மேல் பாரத்தைப் போடுவதை விடக் கடலையின் மேல் போடுவது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இடையில் வந்து சேர்ந்தவர்கள் என்னைத் திட்டக் கூடாது என்பதற்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோரா இன்றைக்கு ஓட்டப் போகும் இதே நோவா காரை இரண்டு கோடைக்கு முன்னால் வெண்டல் ஓட்டினான். பச்சை விளக்கு விழுந்து கிளம்பிய வேகத்தில் பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டு, ஆக்ஸில் ஷாஃப்ட், ஒடிந்தது. ஒடிந்த துண்டோடு சக்கரமே உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கார் தடுப்புச் சுவரில் மோதிக் குப்புறக் கவிழ்ந்தது. சக்கரம் தனியாகப் புல்லில் உருண்டு உருண்டு, வேலியோரம் நின்ற மார்லிஸின் காலடியில் வந்து சாய்ந்தது.

வெண்டல் பிழைத்தான். இடது இடுப்பில் இரும்புத் தகடு வைத்தார்கள். ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவன் எந்த வண்டியின் சாவியையும் தொடவில்லை. நோவாவின் பேரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்பது சட்டமாயிற்று. ஒரு வீட்டில் பேசக் கூடாதது ஒன்று இருந்தால் மற்றதையும் பேச முடியாமல் போகும் என்பார்கள். ஸ்டக்கி வீட்டில் சாப்பாட்டு மேஜையில் கரண்டிச் சத்தம்தான் மிச்சம்.

அந்தச் சட்டத்தைக் கோராதான் உடைத்தாள். சரக்கு லாரிப் பட்டறையில் மெக்கானிக் அவள். நசுங்கிய நோவாவை நிமிர்த்தி, எங்கோ மோதி நொறுங்கிப்போன ஒரு பிளம்பரின் வேன் எஞ்சினை அதில் இறக்கினாள். பின்சக்கரங்களுக்கு, சாலையில் பனி தள்ளிக்கொண்டிருந்த, லாரி மாதிரிப் பெரிய ஒரு பிக்கப்பின் ஆக்ஸிலைக் காயலான் கடையில் பிடித்து, இரண்டு பக்கமும் அறுத்துக் குட்டையாக்கி மாட்டினாள்.

"இது லாரி ஆக்ஸில்மா," என்று மேஜையில் கிச்சன் காகித உருளைக்குள் ஒரு கரண்டியைச் செருகி விளக்கினாள். "அப்பா வண்டியில ஷாஃப்ட்டுதான் சக்கரத்தையும் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு, சுத்தவும் செஞ்சுது. அது போனா சக்கரமும் போச்சு. லாரியில அப்படி இல்ல. சக்கரம் இந்தக் குழாயிலதான் உக்காந்திருக்கும். உள்ள இருக்கிற கரண்டி சும்மா சுத்தத்தான். கரண்டி ரெண்டா ஒடஞ்சாலும் சக்கரம் எங்கயும் போகாது."

வெண்டல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். மார்லிஸுக்குக் காகித உருளையில் நம்பிக்கை வரவில்லை. இது வரைக்கும்தான் போன வாரக் கதை.

"அம்மா, நீயும் வர்றியா?" டிரெய்லரில் நோவாவைக் கட்டிக்கொண்டிருந்த கோரா வாயைப் பிளந்தாள். மார்லிஸ் கைப்பையோடு கோராவின் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன், வரக் கூடாதா?"

"ரெண்டு வருஷமா அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கலியே, அதான் கேட்டேன்." கோராவின் முகம் மலர்ந்துவிட்டது. ஓடிவந்து ஜன்னல் வழியாக அம்மாவின் கன்னத்தில் முத்தம் வைத்தாள். மார்லிஸுக்குக் கன்னம் சுட்டது. சோகமாகத் திரும்பப் போகும் பெண்ணுக்குத் துணையாக இருக்கத்தான் அவள் ஏறியிருந்தாள். அதை எப்படிச் சொல்வது?

வெண்டல் வாசல் படியில் கைத்தடியை ஊன்றி நின்றான். குறுக்கெழுத்துப் போட வேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

"மனுஷனா இவன்?" என்றாள் மார்லிஸ்.

"விடும்மா. அப்பாவுக்கு நேரம் வேணும்."

"நேரமா? மரத்துப் போச்சுடி அவனுக்கு."

வழி நெடுகச் சோளம் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. கோரா பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினாள். மார்லிஸ் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, ஒரு தாய் செய்யக் கூடாததைச் செய்துவிட்டோமா என்று ஒரு மைலுக்கு ஒரு தடவை யோசித்தாள். செய்தால் என்ன என்று அடுத்த மைலில் சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

கட்டர் க்ரீக்கில் வண்டியை இறக்கியதுமே கூட்டம் கூடிவிட்டது. பார்க்கத் தகுந்த வேடிக்கைதான். முன்னால் நோவாவின் ஒல்லியான சக்கரங்கள், ஐந்து ஐந்து போல்ட். பின்னால் லாரியின் தடித்தடியான சக்கரங்கள், எட்டு எட்டு போல்ட். பட்டுச் சட்டைக்குக் கீழே ரப்பர் பூட்ஸ் போட்ட மாதிரி நின்றது கார்.

ராய்ஸ் கெட்லர் வந்தார். பக்கத்துத் தெருக்காரர். ஒரு திருகாணிகூட மாற்றாமல் அந்தக் காலத்துக் காரை அப்படியே பூசை செய்து வைத்திருப்பவர்.

"கோராக் கண்ணு, பின்னாடி எத்தனை மாட்டை ஏத்தப் போறே?"

"உங்க வண்டி நடுவழியில நின்னா இழுத்துட்டு வரணுமே மிஸ்டர் கெட்லர், அதுக்குத்தான் போட்டேன்."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ராய்ஸும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த இரும்புக் கனத்தோட நீ வேகமா போக முடியாதும்மா. தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்?"

கோரா அம்மா நிற்கும் பக்கம் பார்த்தாள். ராய்ஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிட்டார். மார்லிஸ் அந்தப் பார்வையைக் கவனித்தாள். கவனிக்காமல் இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

காலையில் சோதனை ஓட்டம், சாப்பாட்டுக்குப் பிறகு நிஜப் போட்டி. ஒரு தடவைக்கு இரண்டு கார், நேர்ப் பாதை. இதுதான் அங்கே வழக்கம். கோரா வண்டியை வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து மார்லிஸ் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். ஹெல்மெட் பை திறந்தது. கோரா குனிந்தாள். முன்னால் ஒரு ட்ரக் வந்து ஐந்தாறு நிமிஷம் மறைத்துக்கொண்டு நின்றது.

ட்ரக் நகர்ந்தபோது கோராவின் தலையில் ஹெல்மெட் இருந்தது.

கடலை எங்கே? பார்க்கவில்லையா? பையிலேயே கொட்டிவிட்டதா? அல்லது காருக்குள் சிதறிக் கிடக்கிறதா? வேர்க்கடலையை நம்பாத மார்லிஸ் அந்த நொடியில் ஊரிலேயே அதிகமாக வேர்க்கடலையை நம்பியவள் ஆனாள். காரை நிறுத்தத்தான் போட்டாள். கார் நிற்காமல் போனால், அந்தச் சனியனை மகளோடு ஏற்றி அனுப்பியவள் அவளேதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்றால் இதுதான்.

"கோரா! நில்லு! எறங்குடி!"

ஓடினாள். மார்லிஸ் ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை. கைப்பை ஒரு பக்கம் ஆட, வேலியோரமாக, தட்டிப் பொரித்த பன்றிக்கறி பன்னோடு நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே வீசினாள்.

"போகாதே! வேணாம்! கடலை இருக்குடி!"

நாலா பக்கமும் எஞ்சின்கள் உறுமும் இடத்தில் யார் காதில் விழும்? கோரா திரும்பிப் பார்த்தாள். அம்மா குதித்துக் குதித்துக் கை வீசுவது தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் கண்கள் சிரித்தன. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

ஐயோ, பாவி மகள், நான் உற்சாகப்படுத்துவதாக நினைத்துக்கொண்டாளே! மார்லிஸ் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இனி கத்துவதற்கு மூச்சு இல்லை.

நோவா, தடத்தில் தெளித்த தண்ணீரில் பின்டயரை வேகமாகச் சுழற்றிப் பிடிப்புக்காகச் சூடாக்கியது. புகை எழுந்தது. கோட்டுக்கு வந்து நின்றது. பக்கத்துப் பாதையில் ஒரு சிவப்புக் கார். ஒலிபெருக்கிக்காரன், "இதோ ஸ்டக்கி வீட்டுச் சரக்கு வண்டி!" என்று கத்த, கூட்டம் விசில் அடித்தது. கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து இறங்கின. பச்சை.

பிளம்பரின் எஞ்சின் கர்ஜித்தது. நோவா முன்காலைத் தூக்கிப் பாய்ந்தது. அப்புறம் ஒரு சத்தம்.

மார்லிஸுக்கு அந்தச் சத்தம் தெரியும். இரண்டு வருஷமாகத் தூக்கத்தில் கேட்டது அதே சத்தம்தான். டண் என்று, கனமான மணி ஒன்று விரிசல் விட்ட மாதிரி.

காரின் வால் ஒரு உதறு உதறியது. எஞ்சின் வெறியோடு அலறி, உடனே அடங்கியது. மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். புல்லில் எதுவோ உருண்டு வரப் போகிறது என்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவள் உடம்பே அந்தச் சக்கரத்துக்காகக் காத்திருந்தது.

எதுவும் உருண்டு வரவில்லை.

"ஸ்டக்கி வண்டி நின்னுடுச்சு," என்றான் ஒலிபெருக்கிக்காரன். குரலில் சிரிப்பு இல்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தியும் மைக்கில் இருந்தவன் அவன்தான்.

மார்லிஸ் கண்ணைத் திறந்தாள். தூரத்தில், பாதையின் ஓரமாக, நோவா நான்கு சக்கரத்தில் நேராக உருண்டு போய்க்கொண்டிருந்தது. யாரோ தள்ளிவிட்ட சைக்கிள் மாதிரி மெல்ல வேகம் குறைந்து நின்றது. கதவு திறந்தது. கோரா இறங்கினாள். தன் காலால் நடந்து பின்பக்கம் போய்ப் பார்த்தாள்.

வேலியை எப்படித் தாண்டினாள் என்று மார்லிஸுக்கு இன்றைக்கும் தெரியாது. பாவாடை கிழிந்தது. மீட்பு வண்டிக்காரன் "மேடம், இங்கெல்லாம் வரக் கூடாது" என்றான். அவள் பார்த்த பார்வையில், "சரி, ஏறுங்க" என்று கதவைத் திறந்துவிட்டான்.

போய் இறங்கியதும் அவள் மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. நேராகச் சக்கரத்துக்குப் போனாள். ஓட்டுநர் பக்கத்துப் பின்சக்கரம். போன தடவை போனதும் இதே பக்கம்தான். மண்டியிட்டு இரண்டு கையாலும் டயரைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. எட்டு போல்ட்டும் எட்டு இடத்தில் இருந்தன. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டாள்.

"ஆக்ஸில் கட்டாயிடுச்சும்மா," என்றாள் கோரா. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "உள்ள ரெண்டா ஒடஞ்சு கெடக்கு. ஆனா பாரு! சக்கரம் பாரு! நான் சொன்னேன்ல?"

"சொன்னே. சொன்னேடி."

"கரண்டி ஒடஞ்சாலும்..."

"போதும், கரண்டிக் கதையை நிறுத்து!" மார்லிஸ் எழுந்து மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கோராவின் முதுகில் நாலு அடியும் அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தலை தப்பியதைத் தொட்டுப் பார்க்கிறவளுக்குத்தான் அதன் ருசி தெரியும்.

மீட்பு வண்டிக்காரன் பண்போடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கோரா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." மார்லிஸ் மூக்கைத் துடைத்தாள். "ஹெல்மெட்டுக்குள்ள வேர்க்கடலை போட்டது நான்தான்."

கோரா விழித்தாள். "நீயா?"

"நீ ஓட்டக் கூடாதுன்னு போட்டேன். அதனாலதான் ஒடஞ்சுதோ என்னவோ. என்னைத் திட்டு."

"யாரோ எனக்கு நல்லது நெனச்சு வெச்சிருக்காங்கன்னுல்ல நெனச்சேன்! காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலம்மா, பசி உயிர் போச்சு. வரிசையில நின்னுக்கிட்டே எல்லாத்தையும் தின்னுட்டேன்."

"தின்னுட்டியா?"

"ஒண்ணு விடாம. அப்பாவுக்குத்தான் அந்தப் பயம். எனக்கு உப்பு கொஞ்சம் கம்மியா இருந்துச்சு, அவ்வளவுதான்."

மார்லிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரின் மேல் சாய்ந்துவிட்டாள். கோராவுக்கும் தொற்றிக்கொண்டது. பாதையோரத்தில் இரண்டு பெண்கள் இப்படிச் சிரிப்பதைப் பார்த்துப் பார்வையாளர் பக்கத்தில் கைதட்டல் கேட்டது.

"கடலையை விடு," என்றாள் கோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ வேலிகிட்ட நின்னு கையை ஆட்டினே பாரு, குதிச்சு குதிச்சு. எனக்கு அப்பதாம்மா தெம்பே வந்துச்சு."

மார்லிஸ் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். எல்லா உண்மையையும் ஒரே நாளில் சொல்லித் தீர்த்துவிட வேண்டும் என்று யார் சொன்னது?

பிறகுதான் வெண்டலின் ஞாபகம் வந்தது. ஃபோனை எடுத்தாள். அவசரத்தில் முதல் தடவை வேறு யாருக்கோ போய்விட்டது. மறுபடி அழைத்தாள். மணி முழுதாக ஒரு தடவை அடிக்கவில்லை, எடுத்துவிட்டான்.

மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சுக்குப் பின்னால் ஒலிபெருக்கிக்காரனின் குரல், இங்கே கேட்பதற்குக் கொஞ்சம் பிந்தி, அங்கேயும் கேட்டது. தடத்துக்காரர்கள் ரேடியோவில் விடும் வர்ணனை. குறுக்கெழுத்துப் போடும் லட்சணம் இது!

"வெண்டல், சக்கரம் அங்கேயே இருக்கு," என்றாள். வேறு எதையும் முதலில் சொல்லத் தோன்றவில்லை. "கழண்டு போகல. கோரா என் பக்கத்துல நிக்கிறா. ஒரு கீறல் இல்ல."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம் வெண்டல் அழுதான். இடுப்பைப் பிளந்து தகடு வைத்தபோது அழாதவன், ஆறு மாதம் கட்டிலில் கிடந்தபோது அழாதவன், ஃபோனில் குழந்தை மாதிரி விசும்பினான். மரத்துப்போனவன் என்று காலையில் சொன்ன வாயை மார்லிஸ் கையால் பொத்திக்கொண்டாள்.

"எந்தப் பக்கம்?" என்றான் கடைசியில்.

"என்ன எந்தப் பக்கம்?"

"ஆக்ஸில். எந்தப் பக்கம் கட்டாச்சு?"

"ஓட்டற பக்கம்."

"நெனச்சேன்."

"நெனச்சியா?" மார்லிஸின் அழுகை சட்டென்று நின்றது. "என்னய்யா நெனச்சே?"

"அது பழைய ஷாஃப்ட், மார்லிஸ். ஆயுசு பூரா பனி தள்ளின வண்டி. அந்தப் பக்கத்து ஷாஃப்ட் முனையில இருக்கிற பல்லெல்லாம் லேசா முறுக்கிக்கிட்டு இருந்துச்சு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்புறம் கொட்டகைக்குப் போவேன். கோரா கழட்டி வெச்சிருந்தப்ப எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன். மாட்டின அப்புறம் வண்டிக்கு அடியில படுத்தும் பாத்தேன்."

"பாத்துட்டு வாயில கொழுக்கட்டையை வெச்சுக்கிட்டா இருந்தே? பெத்த பொண்ணுய்யா அவ!"

"சக்கரம் உக்கார்ற இடத்தைத்தான் மொதல்ல பாத்தேன். அருமையா செஞ்சிருக்கா. ஷாஃப்ட் ஒடஞ்சாலும் சக்கரம் போகாது. அது தெரிஞ்சதாலதான் பேசாம இருந்தேன்." அவன் குரல் மறுபடி உடைந்தது. "ஆனா ரேடியோல அவன் நின்னுடுச்சுன்னு சொன்னான் பாரு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பறந்து போச்சு, மார்லிஸ். ஒண்ணுமே ஞாபகம் வரல."

மார்லிஸுக்குத் திட்டுவதற்கு இன்னும் நிறைய இருந்தது. ஆனால் எந்த வாயால் திட்டுவது? அவளுக்கும் அந்த வேலியோரம் ஒன்றுமே ஞாபகம் வரவில்லையே.

"வண்டியை டிரெய்லர்ல ஏத்த வேணாம்னு சொல்லு," என்றான். "நான் வர்றேன்."

"யாருகூட வர்றே? யாரு கூட்டிட்டு வருவா?"

ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது.

நோவாவைக் கட்டி இழுத்து வந்து நிறுத்தும் இடத்தில் சேர்த்தார்கள். ராய்ஸ் கெட்லர் குனிந்து பின்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மாடு ஏற்றும் கிண்டலை மறுபடி எடுக்கவில்லை. "பசிக்குதாம்மா?" என்று கேட்டு, ஆளுக்கொரு பன்னை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

மார்லிஸ் இரண்டு வாய்தான் கடித்திருப்பாள். கோரா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"அம்மா. கேட்டைப் பாரு."

வீட்டு முற்றத்தில் சும்மா நிற்கும் வெண்டலின் பழுப்பு நிறப் பிக்கப், நத்தை மாதிரி ஊர்ந்து உள்ளே வந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்று நின்று வந்தது. அதற்குள் ஒரே ஒருவர்தான் இருந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, மூக்கு வண்டியின் முன்கண்ணாடியில் இடிக்கும் அளவுக்கு முன்னால் குனிந்து, வெண்டல் ஓட்டிக்கொண்டு வந்தான்.

நிறுத்திவிட்டு உடனே இறங்கவில்லை. சட்டையெல்லாம் வியர்வை. மார்லிஸ் கதவைத் திறந்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் பொங்கி வந்த எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, "எறங்கு. மெதுவா," என்று தோளைக் கொடுத்தாள்.

கோரா தயங்கி நின்றாள். வெண்டல் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தான். "வெல்டிங் நல்லா இருக்கு," என்றான். கோராவுக்கு அது போதும். அழுதுவிட்டாள்.

பிக்கப்பின் பின்னால் ஒரு நீளமான அட்டைப் பெட்டி இருந்தது. புல் வெட்டும் மெஷினுக்குச் சாமான் என்று போன வாரம் அவன் சொன்ன பெட்டி. கோரா பிரித்தாள். உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய புத்தம்புது ஷாஃப்ட்.

"அளவு எப்படிப்பா தெரிஞ்சுது?"

"அளந்தேன். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. சொன்னா நான் வண்டியைப் பாத்தது தெரிஞ்சுடுமே."

"அட அசடே!" என்றாள் மார்லிஸ். இரண்டு வருஷத்தில் அவள் அவனிடம் சொன்ன அன்பான வார்த்தை அதுதான்.

வெண்டல் கைத்தடியைப் பிடித்தபடி அவள் பக்கம் திரும்பினான். "மொதல் சுத்து சாப்பாட்டுக்கு அப்புறம்தான். இது மாட்டறதுக்கு வண்டியைத் தூக்கக்கூட வேணாம். சக்கரத்து நடுவுல இருக்கிற போல்ட்டைக் கழட்டினா ஷாஃப்ட் தனியா வந்துடும். மறுபக்கத்து ஷாஃப்ட்டையும் உருவி, அந்த வழியா நீளக் கம்பியால குத்தி, உள்ள ஒடஞ்சு கெடக்கிற துண்டைத் தள்ளிடலாம். ஆனா நீ சொல்லணும் மார்லிஸ். வேணாம்னா டிரெய்லர்ல ஏத்திக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

கோராவும் பார்த்தாள். காலையில் இரண்டு கை கடலையைக் கொண்டு செய்யப் பார்த்ததை இப்போது ஒரு தலையசைப்பில் செய்துவிடலாம். மார்லிஸ் அந்தச் சக்கரத்தைப் பார்த்தாள். ஒடிந்ததைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு அது அசையாமல் நின்றது.

"போல்ட்டை எதுல போடறது?" என்றாள். "புல்லுல விழுந்தா தேடிக்கிட்டு நிக்கணும்."

வெண்டல் தொப்பியைக் கழற்றி அவளிடம் கொடுத்தான்.

மூன்று பேரும் வேலையில் இறங்கினார்கள். கோரா போல்ட்டுகளைக் கழற்றி நீட்ட, மார்லிஸ் வாங்கித் துடைத்துத் தொப்பியில் போட்டாள். ராய்ஸ் கெட்லர் கேட்காமலே ஒரு நீளக் கம்பியைக் கொண்டுவந்து வைத்தார். வெண்டல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு புல்லில் படுத்து, கம்பியை உள்ளே விட்டுத் தட்டினான். ஒடிந்த துண்டு நழுவி விழுந்தது. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, படுத்தபடியே, யாருக்கும் கேட்கக் கூடாது என்கிற மாதிரி மெல்ல,

"கோரா, இதை மாட்டி முடிச்ச அப்புறம், இன்னிக்கு இல்ல, இன்னொரு நாள். ஒரே ஒரு தடவை எனக்கு ஓட்டக் குடுப்பியா?" என்றான்.

கோராவின் ஸ்பேனர் நின்றது. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

மார்லிஸுக்குக் காது நன்றாகவே கேட்கும். முடியவே முடியாது என்ற சொல் தொண்டை வரை வந்தது. தொப்பியில் இருந்த போல்ட் ஒன்றை எடுத்து, ஏற்கெனவே துடைத்ததையே இன்னொரு தடவை துடைத்தாள்.

"மொதல்ல இதை மாட்டுங்க," என்றாள். "நோவாவைப் பத்தி ராத்திரி சாப்பிடும்போது பேசிக்கலாம்."